கெனுலாவுல தேதி எழுத வச்ச கதை

புதுசா வார்ட் சிஸ்டரா வந்த ரெண்டு பேர எங்கிட்ட பழக விட்டாங்க, நூரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. மொதல்ல நான் செஞ்சது சுத்த வேஸ்ட். பிடிஎஸ்ஏ, ஃபைவ் எஸ்னு வேலைய மேம்படுத்துற முறைகளப் பத்தி ஒரு நாள் முழுக்க லெக்சர் அடிச்சேன், ரெண்டு பேரும் நல்லா தலையாட்டுனாங்க, வார்ட்ல ஒன்னும் மாறல.

அப்புறம் ஸ்லைட்ஸ மூடிட்டு, ஒங்களுக்கு இங்க எரிச்சலா இருக்கிற ஒரே ஒரு விஷயத்த சொல்லுங்கன்னேன். "கெனுலா மிஸ், எப்ப போட்டதுன்னே தெரியல, கை செவந்து வீங்குனப்புறம்தான் பாக்குறோம்." (கெனுலான்னா மருந்து ஏத்த நரம்புல போடுற சின்னக் குழாய்.) சரி, ஒரு கிழமைக்கு சும்மா எண்ணுங்க, யாரையும் ஏசாதீங்க (ஏசுனா மறுநாளே எல்லாரும் பொய்யா எழுதுவாங்க). எண்ணிப் பாத்தா பாதிக்கு மேல தேதியே இல்ல, ஏன்னு பாத்தா டிரேல பேனா இல்ல! நூல்ல ஒரு பேனாவ கட்டித் தொங்கவிட்டோம், காலை ஷிஃப்ட்ல மட்டும் மொதல்ல, அது சரிவந்ததும் மத்த ஷிஃப்ட்டுக்கும். ஷிஃப்ட் கைமாத்துறப்போ விஐபி ஸ்கோர் (கெனுலா போட்ட எடம் எவ்வளவு செவந்து வீங்கியிருக்குன்னு போடுற மார்க்) பாக்கணும், 2 வந்தா கழட்டி வேற எடத்துல போடணும்.

இன்னொன்னு, அத நான் யோசிச்சே இருக்கல. கொழுந்து எடுக்கிற ஒரு பாட்டிகிட்ட நர்ஸ் சிங்களத்துல வலிக்குதான்னு கேக்க, புரியாமலே சிரிச்சிருக்காங்க, கை நெருப்பா சுட்டுச்சு. "வலிக்குதா, எரியுதா"ன்னு ரெண்டு தமிழ் வார்த்தைய எல்லா நர்ஸுக்கும் அந்த ரெண்டு புது சிஸ்டர்ல ஒருத்தங்கதான் சொல்லிக்குடுத்தாங்க, நான் சொல்லல.

இப்ப டிரேல தொங்குறது மூணாவது பேனா.