லித்தியம் டெஸ்ட்: ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தான லித்தியத்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்ததும் அங்கேயே விழுங்கிவிடலாம். முந்தின இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுப்பது கச்சிதம்.

மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் லித்தியம் ஏறி நிற்கும், பிறகுதான் இறங்கும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற சரியான அளவோடு மருத்துவர் ஒப்பிடுவது, கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தைத்தான். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். மறுபடி டெஸ்ட், இல்லையென்றால் தேவையில்லாமல் டோஸ் குறையும். (ரத்தம் எடுக்கும் செவிலியருக்கு ஒன்று: ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் போட்ட குழாய் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும்.)

கை பலமாக நடுங்குவது, பேச்சு குழறுவது, தள்ளாட்டம், விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு என லித்தியம் மிஞ்சியதற்கான அறிகுறிகள் இருந்தால் 12 மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளோசபின் என்ற வேறொரு மனநல மருந்து சாப்பிடுபவர்களுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை மட்டும் பார்ப்பதென்றால் இந்தக் காத்திருப்பே தேவையில்லை.