கத்தி இருக்கட்டும், முதலில் காற்றைப் பாருங்கள்

பைப் ஆர்கன், அதாவது குழல் வரிசைகளில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம் செய்யும் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஒரு குழலைச் சோதனை மேஜையில் நிறுத்தினான். சுரம் நிற்காமல் மேல் ஸ்தாயிக்கு எகிறியது. அவன் கை நேராகக் கத்திக்குப் போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

குழலைக் கீழே போடாதே, நசுக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதியவர்கள் செய்யும் மற்றத் தவறுகள் இவை.

மேல் உதட்டை வெட்டுவது

விசில் எப்படிக் கத்துகிறதோ அப்படித்தான் ஆர்கனின் பெரும்பாலான குழல்களும். அடித்துளை வழியாக ஏறும் காற்று, உள்தட்டுக்கும் (குழலுக்குள் வாயருகே குறுக்கே இருக்கும் தட்டு) கீழ் உதட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மெல்லிய தகடு போல வெளியே வந்து மேல் உதட்டில் மோதும். உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம் என்று அது ஆடும் ஆட்டம்தான் குழலைப் பாட வைக்கிறது. இரண்டு உதடுகளுக்கும் நடுவே உள்ள திறப்புதான் வாய். அதன் உயரம் குறைந்தால் ஒலி கூர்மையாக, தந்தி வாத்தியம் போல இருக்கும். கூடினால் மழுங்கி ஃப்ளூட் ஆகிவிடும். ஆர்கனின் அடிப்படை ஒலியைத் தரும் பிரின்சிபல் குழலில் உயரம் பொதுவாக அகலத்தில் கால் பங்கை ஒட்டி இருக்கும். 20 மி.மீ. அகல வாய்க்கு 5 மி.மீ. அதில் 1 மி.மீ. கூடுதலாக வெட்டிப் பாருங்கள், குணமே மாறிவிடும்.

நான் வெட்டியது ஒரு குழலை அல்ல, ஒரு வரிசையையே. எல்லாம் எகிறின, உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன், அடங்கின. பெருமையாகத்தான் இருந்தது. ஆர்கனில் கொண்டுபோய் நட்டால் சுரம் தாமதமாக எழுந்தது, அதுவும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி. அப்புறம்தான் மேஜை ஓரத்தில் இருந்த, காற்றழுத்தம் காட்டும் வளைந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். முந்தைய வேலைக்காக வைத்த 90 மி.மீ. நீர்மட்ட அழுத்தம் அப்படியே நின்றது. என் ஆர்கனுக்கு 70 போதும். குழல்களில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் புது உதடு பற்றவைத்து முடிக்கும்வரை என் ஆசான் என்னோடு பேசவில்லை.

அழுத்தம் சரியாக இருந்தும் எகிறுகிறதா? அடித்துளை அகன்றிருக்கலாம், உள்தட்டு மயிரிழை நகர்ந்திருக்கலாம், இடுக்கில் தூசி அடைத்திருக்கலாம். துளையின் விளிம்பைத் தட்டிச் சுருக்கலாம், உள்தட்டை மெல்லிய கம்பியால் தட்டி நகர்த்தலாம், தூசியை எடுத்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். வெட்டிய ஈயம் மட்டும் திரும்ப ஒட்டாது. இன்றைக்கும் யாராவது "கொஞ்சம்தான் சீவினேன்" என்றால் எனக்கு எரிச்சல் வருகிறது.

8 அடி ஸ்டாப் என்றால் 8 அடிக் குழலைத் தேடுவது

ஸ்டாப் என்பது ஒரே குண ஒலியுள்ள குழல் வரிசை. 8 அடி என்பது அதன் அடிச் சுரத்தின் பெயர். தலை மூடிய குழல் 4 அடியிலேயே அந்தச் சுரத்தைத் தரும். அடிச் சுரத்தின் இரட்டைப்படை மடங்கு மேற்சுரங்கள் அதில் மிகவும் அடங்கிப்போவதால் ஒலி கொஞ்சம் பொந்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், அவ்வளவுதான்.

கையில் பிடித்தபடியே சுருதி சேர்ப்பது

உள்ளங்கைச் சூடு ஏறினால் சுரமும் ஏறும். விரலை எடுத்துவிட்டு, குழல் ஆறும்வரை காத்திருந்து கேளுங்கள். அறைச் சூட்டுக்கும் இதே கதைதான். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் விசில் போலப் பாடும் இந்தக் குழல்கள் ஏறக்குறைய 3 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே போகும். ஆர்கனின் இன்னொரு வகையான ரீட் குழலில் சுரத்தைப் பிடித்து வைப்பது காற்றில் அதிரும் பித்தளை நாக்கு. அது அவ்வளவாக அசையாது. அதனால் குளிர்ந்த காலையில் "ரீட் எல்லாம் சுருதி விலகிவிட்டது" என்று தோன்றும். உண்மையில் விலகியது மற்ற குழல்கள். அறை வழக்கமான சூட்டுக்கு வந்தாலே பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

ரீட் நாக்கின் வளைவை நிமிர்த்துவது

வேண்டாம்.