இருமுனைக் கோளாறுடன் வாழ்பவருக்குத் துணை நிற்பது எப்படி

இருமுனைக் கோளாறு உள்ள ஒருவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம், அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகோ, கடன் அட்டையில் ஆயிரக்கணக்கான வெள்ளி கரைந்துபோனது தெரிந்த பிறகோதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு வருகிறது. அந்த நேரத்தில் நம்மால் செய்யக்கூடியது குறைவு. அவர் தெளிவாக இருந்து, வழக்கம்போல் வேலைக்குப் போய்வரும் மாதங்களில்தான் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளானோர் 1.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ அறுபது பேரில் ஒருவர். எங்கள் உறவில் அப்படி யாருமே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் பித்துநிலை: குறைந்தது ஒரு வாரத்துக்கு அளவுமீறிய உற்சாகம் அல்லது எரிச்சல், ஓயாத பேச்சு, பெரிய பெரிய திட்டங்கள், தயக்கமில்லாத செலவு. இதன் மிதமான வடிவம் நான்கு நாள்கள் நீடித்தாலே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மறுமுனையில், இரண்டு வாரங்களுக்கும் மேலாக நீளும் ஆழ்ந்த மனச்சோர்வு. சோர்வு வந்தால்தான் மனிதர்கள் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். உற்சாக நாள்களில் தாம் நன்றாக இருப்பதாகவே நினைக்கிறார்கள். அதனால் முதலில் வெறும் மனச்சோர்வு என்றே பலருக்கு முடிவு செய்யப்படுகிறது, அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்குப் பித்துநிலை கிளம்பிவிடவும் கூடும். "போன வருஷம் ஒரு வாரம் இவர் தூங்கவே இல்லை, ஆனால் களைப்பே இல்லை" என்று வீட்டார் சொல்லும் ஒரு வாக்கியம் மருத்துவருக்கு அத்தனை மதிப்புள்ளது. நோயாளியின் அனுமதி இல்லாமல் மருத்துவர் உங்களிடம் எதையும் சொல்ல இயலாமல் போகலாம். ஆனால், நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தடை இல்லை. ஆகவே பார்த்தவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது: அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில், அவரோடு உட்கார்ந்து ஓர் உடன்பாட்டை எழுதுவது. நீங்கள் எழுதி அவரிடம் கையொப்பம் கேட்கும் தாளாக அது இருக்கக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். நோய் திரும்பும்போது முதலில் தென்படும் அறிகுறி ஒவ்வொருவருக்கும் வேறு. ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமையலறை அலமாரிகளை எல்லாம் காலி செய்து அடுக்கத் தொடங்குவார்; இன்னொருவர் பழைய பள்ளித் தோழர்கள் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் நீண்ட குரல்பதிவுகளை அனுப்புவார்; வேறொருவர் தேக்காவுக்குப் போனால் ஒரே கடையில் ஆறு சேலை எடுத்துக்கொண்டு வருவார். அவருக்கே உரிய அந்த மூன்று நான்கு அறிகுறிகளை எழுதுங்கள். அவை தெரிந்தால் யார் அவரிடம் பேசலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் அது பெற்றோராக இருக்காது. ஒரு தங்கையோ, சித்தி மகனோ, அலுவலக நண்பரோ சொன்னால்தான் காதில் ஏறும். எந்த மருத்துவரை அழைப்பது, வங்கி அட்டையை யாரிடம் கொடுத்து வைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வது, எந்த உறவினருக்குத் தெரியவே கூடாது என்பவற்றையும் அதில் சேருங்கள். 21 வயது நிரம்பியவர் என்றால், மனத்தெளிவு உள்ள இந்தக் காலத்திலேயே, தம் பண விவகாரங்களையும் நலனையும் தமக்காகக் கவனிக்க நம்பிக்கைக்குரிய ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தைப் பதிவு செய்வது குறித்தும் பேசலாம்.

தூக்கத்தைக் கண்காணிப்பது அன்றாடத் துணையில் பெரும்பங்கு. தூக்கம் குறைவது நோயின் அறிகுறி மட்டுமன்று, நோயைத் தூண்டும் காரணமும் அதுவே. இரவுநேர வேலை, நேர மாற்றம் உள்ள விமானப் பயணம், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் விடிய விடியப் பலகாரம் சுடுவது ஆகிய எல்லாமே அவருக்கு ஆபத்தாகலாம். அதற்காக அவரை விழாவிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் அவருக்கு வேலை வைக்காமல் இருந்தால் போதும். இதை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு வாக்குவாதத்தின் முடிவிலும் "இன்னிக்கு மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் வெகு சாதாரணம். நியாயமான கோபத்தைக்கூட நோய்க் கணக்கில் எழுதும் அந்தக் கேள்வி, மனிதரைத் தமக்கென்று சொந்த உணர்வே இல்லாதவராக ஆக்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, சண்டை எதுவும் இல்லாத ஒரு காலை வேளையில், "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே, அக்கா?" என்று கேட்கும் தம்பிக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

மருந்தைப் பற்றித் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டிய ஒன்று உண்டு. இந்நோய்க்கு 1949ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வரும் லித்தியம் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால், பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது என்பதால் இரத்தப் பரிசோதனையும், சிறுநீரக, தைராய்டு பரிசோதனைகளும் தவறாமல் செய்யப்படுகின்றன. உடலில் நீர் வற்றினாலோ, உப்பைத் திடீரெனக் குறைத்தாலோ இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தைப்பூசத்துக்காக நாள்கணக்கில் விரதம் இருந்து, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெயிலில் காவடி எடுக்க விரும்புபவர் லித்தியம் எடுப்பவராக இருந்தால், விரதம் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். நோன்பு நோற்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் உடனே கேட்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐபுப்ரொஃபன் போன்ற வலிநிவாரணிகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கை நடுக்கம் அதிகரிப்பது, பேச்சுக் குழறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை லித்தியம் மிஞ்சியதைக் காட்டலாம்; அப்போது காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மருந்தை மாற்றியமைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. செலவைப் பொறுத்தவரை, நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருமுனைக் கோளாறும் இடம்பெற்றிருப்பதால், வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி வரையிலும், சிக்கலான நோய்நிலை உள்ளவர்கள் 700 வெள்ளி வரையிலும் எடுக்கலாம்.

பித்துநிலை தொடங்கிவிட்டால் வாதாடாதீர்கள். அவர் சொல்வதை மறுத்து நிரூபிக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். குரலைத் தாழ்த்தி, வீட்டில் கூட்டத்தையும் சத்தத்தையும் குறைத்து, முன்பு எழுதிய உடன்பாட்டை அவருக்கு நினைவூட்டுங்கள். அதை எழுதியது அவரே என்பதால் சில நேரம் அதற்கு மட்டும் செவிசாய்ப்பார். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு நாள் முழுதும் திறந்திருக்கும். அதன் உதவி எண் 6389 2222. எவருடைய உயிருக்கேனும் ஆபத்து என்று தோன்றினால் 995 அல்லது 999ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

சோர்வுக்காலம் நீளமானது, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாதது. "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்ற அறிவுரை அப்போது பயன்படாது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் கூடவே எம்ஆர்டியில் போய்வருவது பயன்படும். தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று ஐயம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, பேச ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதலே பலருக்குக் கிடைக்கிறது. தற்கொலைக்கு முயல்வது சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றம் இல்லை. போலிஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சி உதவியைத் தள்ளிப்போடும் வீடுகள் இதை அறிய வேண்டும். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல எண்ணான 1771 ஆகிய இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இவற்றைக் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

உறவினர்கள் சொல்வதையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். கோயிலுக்குப் போவதும் அர்ச்சனை செய்வதும் அவருக்கு மன அமைதி தருமானால் தாராளமாகச் செய்யட்டும், மாத்திரைக்கு மாற்றாக மட்டும் அவை ஆகிவிடக் கூடாது. "கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்" என்ற பேச்சை அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். மறைத்துச் செய்யும் திருமணம் இரண்டு பேரை வதைக்கும். அவருடைய நோயைப் பற்றி அவர் அனுமதித்தவர்களிடம் மட்டுமே பேசுங்கள், அது நல்லெண்ணத்தோடு பேசுவதாக இருந்தாலும்.

நீங்களும் களைத்துப்போவீர்கள். ஒருவரே எல்லாப் பொறுப்பையும் சுமந்தால் ஓராண்டுகூடத் தாங்க மாட்டார். உடன்பிறப்புகள் முறை வைத்துக்கொள்ளுங்கள். மனநோயாளிகளைப் பராமரிப்போருக்கென்றே 2011இல் தொடங்கப்பட்ட பராமரிப்பாளர் கூட்டணி அமைப்பு, அதே அனுபவம் உள்ள பராமரிப்பாளர்களைக் கொண்டு கட்டணமின்றிப் பல வாரப் பயிற்சி நடத்துகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் முதல் நாளே புரிவது, நம் வீட்டில் மட்டும் இது நடக்கவில்லை என்பது.

வீட்டுக்கு வெளியிலும் உதவ விரும்புவோருக்கு வாய்ப்புகள் உள்ளன. 1968 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் மனநலச் சங்கம், மறுவாழ்வுப் பணி செய்யும் கிளப் ஹீல், தமிழ் பேசும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் மனநல ஆதரவு தரும் ஹெல்த்சர்வ் ஆகியவை தொண்டூழியர்களை வரவேற்கின்றன. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே தங்கும்விடுதியில் வாழும் ஒருவருக்கு, தன் கலக்கத்தைத் தமிழிலேயே சொல்ல ஒருவர் கிடைப்பது பெரிய விஷயம் என்பதால், தமிழ் தெரிந்தவர்கள் அதை விண்ணப்பத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். இந்நோயோடு வாழ்ந்து மீண்டவர்கள், தம் அனுபவத்தையே கருவியாகக் கொண்டு சக ஆதரவாளராகப் பயிற்சி பெறவும் வழி உண்டு. உலக இருமுனைக் கோளாறு நாளான மார்ச் 30 அன்று மட்டும் வந்து போவதைவிட, மாதம் இரண்டு சனிக்கிழமை என்று குறைவாக ஒப்புக்கொண்டு ஓராண்டு தவறாமல் வருபவரே அமைப்புகளுக்குத் தேவை. முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எனக்கு என்ன பயிற்சி தருவீர்கள், நெருக்கடி வந்தால் நான் யாரை அழைக்க வேண்டும், எந்தெந்த வேலையை நான் செய்யவே கூடாது.