கடலோர ஊரின் மேல் திரளும் மேகம்: வாட்டர்கலரில் வரைவது எப்படி?

மேகம் திரண்ட வானத்தை வரைய உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் ஊரில் இருந்துதான் தொடங்குகிறார்கள். வீடு, ஜன்னல், படகு, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் நுணுக்கமாகப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் நீலத்தைப் பூசுவார்கள். நானும் அப்படித்தான் நிறையத் தாள்களை வீணாக்கினேன். இந்தப் படத்தில் பெரிய ஆள் வானம்தான். ஊர் அதன் காலடியில் ஒரு கோடு, அவ்வளவே.

வேண்டியவை

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர்கலர் தாள், அட்டை, மாஸ்கிங் டேப், பெரிய பட்டை பிரஷ், நுனி கூரான உருண்டை பிரஷ், டிஷ்யூ. மெல்லிய தாள் ஈரத்தில் மேடுபள்ளமாகிவிடும். நிறம் மூன்று போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). கறுப்பு வாங்காதீர்கள். நீலமும் சியன்னாவும் கலந்தாலே மழைமேகச் சாம்பல் வந்துவிடும்.

படி 1: கோடு

தாளை அட்டையில் டேப் போட்டு ஒட்டுங்கள். அடிவானத்தைக் கீழிருந்து கால் பங்கு உயரத்தில் வையுங்கள். கூரைகளுக்கு வெளிக்கோடு மட்டும் போதும். வெளிச்சம் மேகத்தை எங்கே கிழித்துக்கொண்டு வரப்போகிறது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். தாள் நனைந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

படி 2: வானம்

முதலில் சாம்பலை நிறையவே குழைத்து வையுங்கள். தட்டைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். அப்புறம் வானப் பகுதி முழுவதையும் நனையுங்கள். சாய்த்துப் பார்த்தால் ஒரே சீராகப் பளபளக்க வேண்டும். தேங்கிய நீரை டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள்.

அடிவானத்தை ஒட்டியும் வெளிச்சம் வரும் இடத்திலும் ஓக்கரை லேசாகப் பூசுங்கள். அதன்மேல் வெறும் நீலம் பட்டால் அழுக்குப் பச்சையாகிவிடும். அந்த இடத்தில் சியன்னா தூக்கலான சாம்பலை வையுங்கள். மேலே போகப் போக நீலம் கூடலாம். உச்சியில் மேகம் பெரிதாக இருக்கட்டும், கீழே வர வரச் சிறுத்துத் தட்டையாகட்டும். தொலைவு அப்படித்தான் தெரியும்.

அடர்த்தி அதிகமாகிவிட்டதோ என்று பயம் வரும். பயப்படாதீர்கள், வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறிவிடும். தூரத்தில் மழை வேண்டுமா? அட்டையைச் செங்குத்தாகத் தூக்குங்கள், நிறம் தானே கீழே இறங்கும். வெள்ளை மேக விளிம்புக்கு டிஷ்யூவைச் சுருட்டி ஒரே ஒற்று.

படி 3: சும்மா இருப்பது

எனக்கு இன்றும் கடினமான படி இதுதான். பளபளப்பு மங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். பாதி காய்ந்த தாளில் ஒரு சொட்டு நீர் பட்டால்கூடக் காலிஃபிளவர் மாதிரி ஓரம் சிதறிய கறை விழும். அதைச் சரிசெய்யப் போனால் இன்னும் பெரிதாகும். ஹேர் டிரையரும் பளபளப்பு போன பிறகுதான், இல்லையென்றால் காற்று நிறத்தைத் தள்ளிவிடும்.

படி 4: கடலும் ஊரும்

கடலுக்கும் அதே கலவைதான். வெளிச்சத்துக்கு நேர் கீழே மட்டும் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷைப் படுக்க வைத்து இழுங்கள். தாளின் வெள்ளை மினுங்கலாக நிற்கும். வானம் வெளுத்த இடத்தில் கூரைகளை அடர் நிழலாக நிரப்புங்கள். வானம் கறுத்த இடத்தில் இரண்டு மூன்று சுவர்களைத் தொடாமல் வெள்ளையாகவே விடுங்கள். புயல் வரப்போகிற உணர்வைத் தருவது இந்த முரண்தான். ஜன்னலுக்கு நாலைந்து புள்ளி போதும்.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் மேகங்களை மட்டுமே பல சிறு படங்களாக வரைந்து பழகினார். பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று பற்றிக் குறித்தும் வைத்தார். நீங்களும் முழுப் படத்துக்கு முன் உள்ளங்கை அளவில் நாலு வானம் போட்டுப் பாருங்கள். பின்னால் கலவையையும், தாள் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். டேப்பை மட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு உரியுங்கள்.