கடலோரப் புழுக்கம்: கோடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் வேலூரில் 41 டிகிரி அடிக்கும் நாளில் சென்னையில் 36 டிகிரிதான் இருக்கும். ஆனாலும் சென்னையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலேயே தலை கிறுகிறுக்கும். வியர்த்தால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது, அந்த வியர்வை உலர வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து தரையில் சொட்டினால் உடம்பு நீரையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் கடலோர ஊர்களில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

ஆகவே சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் யார் என்ன யோசனை சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது வீட்டுக்குள் ஈரத்தைக் கூட்டுமா? காற்றோட்டத்தைக் குறைக்குமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், உள்மாவட்டத்தில் பலன் தந்த அதே வழி இங்கே தொல்லையாக முடியும்.

ஏர்கூலரை நம்பி வாங்குவது

இந்தக் கோடைத் தவறுகளில் அதிகம் பணம் விரயமாவது இதில்தான். ஏர்கூலர் வேலை செய்வதே நீர் ஆவியாவதை வைத்து. மதுரையிலோ திருச்சியிலோ வெளிக்காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை நீரைக் கொண்டு அதிகபட்சம் 24 டிகிரி வரை குளிர்விக்கலாம். நல்ல கூலர் 27, 28 டிகிரிக் காற்றைத் தந்துவிடும். சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அந்த எல்லையே 28-க்கு மேல் நிற்கிறது. கூலரிலிருந்து வருவது கிட்டத்தட்ட 30 டிகிரிக் காற்று, அதுவும் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கிய காற்று. நேர் எதிரே உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கக் கசகசக்கும், மெத்தையும் துணிமணியும் நமுத்துப்போகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை ஜன்னலை ஒட்டி, வெளிக்காற்றை இழுக்கும்படி வையுங்கள். எதிர்ப்பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்தே இருக்கட்டும். கடற்காற்று வந்தபின் பம்பை அணைத்துவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுங்கள். தொட்டியில் ஐஸ் போடுவதால் பெரிய மாற்றம் இல்லை: ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுப்பதில் ஏழில் ஒரு பங்குதான்.

வெட்டிவேர் தட்டிக்கும் இதே கணக்கு. மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் முற்பகலில் நனைத்துத் தொங்கவிட்டால் நன்றாகவே குளிரும். கடற்காற்று திரும்பிய பிறகு மணம் மட்டும்தான் மிஞ்சும். ஃபேனுக்கு முன்னால் ஈரத்துண்டு கட்டுவது, மதியத்தில் தரையை ஈரமாகத் துடைத்து விடுவது, வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவது எல்லாம் ஒரே வகைத் தவறு. ஒரு மெஷின் துணி உலரும்போது இரண்டு லிட்டர் வரை நீர் அறைக் காற்றில் கலக்கிறது. ஈரம் இருக்க வேண்டிய இடம் உங்கள் தோல். முகம், கழுத்து, கைகளைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்தத் தண்ணீர் செய்யும், உடம்பு நீரும் உப்பும் மிச்சமாகும்.

ஜன்னலைத் தப்பான நேரத்தில் திறப்பது

நாள் முழுக்கத் திறந்தே வைப்பதும், நாள் முழுக்கச் சாத்தியே வைப்பதும் இரண்டுமே தவறு. சென்னையில் பெரும்பாலான கோடை நாட்களில் காலையில் நிலக்காற்று இருக்கும். வெப்பம் விறுவிறுவென்று ஏறும். நண்பகலை ஒட்டியோ பிற்பகலிலோ கடற்காற்று நுழைந்ததும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மேற்குக் காற்று ஓங்கினால் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வரவே வராது. வெயில் 40-ஐத் தாண்டுவது அப்படிப்பட்ட நாட்களில்தான். சென்னையில் பதிவான உச்சம் 2003 மே 31 அன்று 45 டிகிரி.

அதனால் விடியற்காலை 4 மணியிலிருந்து 8 மணி வரை எல்லா ஜன்னலையும் திறந்து வீட்டை ஆற விடுங்கள். 9 மணியிலிருந்து கடற்காற்று வரும் வரை வெயில் படும் பக்கத்தை மூடி, திரை போட்டு, ஃபேனை ஓட்டுங்கள். மரக்கிளைகள் கிழக்கிலிருந்து ஆடத் தொடங்கியதும் கிழக்கு ஜன்னலையும், காற்று வெளியேற எதிர்ப்பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வாசலிலேயே நின்றுவிடும். கொசுவலையில் படிந்த தூசியைத் தேய்த்துக் கழுவுங்கள். அடைத்துப்போன வலை காற்றைப் பெருமளவு மறித்துவிடும்.

மொட்டை மாடியில் மாலையில் தண்ணீர் ஊற்றுவது

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு உண்மையான சூரியன் கூரைதான். இரவு 8 மணிக்கு ஸ்டூலில் ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, மேல்தளத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள்; சுடும். பகலெல்லாம் வாங்கிய வெப்பம் கான்கிரீட்டைக் கடந்து கீழே இறங்கப் பல மணி நேரம் ஆகிறது. மாலையில் நாலு குடம் ஊற்றினால் மேற்பரப்பு சட்டென்று ஆறும், பாதிக்கு மேல் மழைநீர்க் குழாய் வழியே ஓடிவிடும். உள்ளே ஏறிய வெப்பம் அப்படியேதான் இருக்கும். தளத்தில் விரிசல் இருந்தால் ஊற்றிய நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களில் இது வீண் செலவும்கூட.

வெப்பம் ஏறாமல் தடுப்பதுதான் வழி. அதற்கு வெள்ளைப் பூச்சு போதும். மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நல்லது. முதலில் பாசி, மண், பழைய உரிந்த பூச்சு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். விரிசல்களை அடையுங்கள். பிறகு வெளிப்புறக் கூரைக்கென்றே விற்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட்டை இரண்டு கோட் அடியுங்கள்: முதல் கோட் வடக்கு தெற்காக, அது காய்ந்தபின் இரண்டாவது கிழக்கு மேற்காக. நண்பகலில் அடிக்கக் கூடாது. சூட்டில் பரவுவதற்குள் காய்ந்து பின்னர் செதில் செதிலாக உரியும். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 5-க்கு மேல் அடியுங்கள். சுவருக்கு வாங்கிய உள்புற எமல்ஷனில் மிச்சம் இருக்கிறதே என்று அதை அடிப்பது இன்னொரு தவறு. முதல் மழையிலேயே கரைந்துவிடும். கையில் பணம் குறைவென்றால் சுண்ணாம்பே போதும். ஆனால் வடகிழக்குப் பருவமழை அதைக் கழுவிவிடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கல் சுண்ணாம்பை நீர்க்கும்போது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது, கண் போய்விடும். எந்தப் பூச்சானாலும் தூசி படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாது. கோடை தொடங்குமுன் ஒருமுறை கழுவி விடுங்கள்.

பழைய சென்னை வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்று அதைப் பெயர்த்துவிட்டு வெறும் சிமென்ட் கலவை பூசுகிறவர்கள் அடுத்த கோடையில் வித்தியாசத்தை உணர்கிறார்கள். பெயர்த்தே தீர வேண்டுமானால் வெள்ளை கூல் டைல் பதிப்பதையாவது செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பசுமை வலை கட்டுவதானால் தளத்தின் மேல் விரிக்காமல் ஆள் உயரத்தில் கட்டுங்கள், நடுவில் காற்று ஓட வேண்டும்.

சுவர்களில் முதலில் பார்க்க வேண்டியது மேற்கு. ஏப்ரல் கடைசியில் சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வந்து, மே மாதத்தில் சற்று வடக்கே சாய்கிறது. அதனால் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் படுவதே இல்லை. அதற்குக் கனத்த திரை வாங்குவது வீண். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டாலும் போதாது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். மூங்கில் தட்டியோ கீற்றோ ஜன்னலுக்கு வெளியே தொங்க வேண்டும்.

ஃபேனும் ஏசியும்

ஃபேன் அறையைக் குளிர்விக்காது, ஆளைத்தான் குளிர்விக்கும். யாரும் இல்லாத அறையில் ஓடும் சாதாரண ஃபேன் 70, 80 வாட் வெப்பத்தைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். ரெகுலேட்டர் 5-இல் இருந்தும் மெதுவாகச் சுற்றினால் புது ஃபேன் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் கப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். பல சீலிங் ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே அளவை வாங்கி, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள். மேல்மாடியில் இரவு 9 மணிக்குச் சீலிங் ஃபேன் தளத்தடிச் சூட்டையே கீழே தள்ளும். அந்நேரத்தில் ஜன்னலோரம் வைத்த டேபிள் ஃபேன் மேல். வறண்ட மேற்குக் காற்று வீசி வெப்பம் 40-ஐத் தாண்டினால் ஃபேனை மட்டும் நம்பாதீர்கள். சூடான காற்று உடம்பைச் சுட வைக்கும்; தோலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏசியில் பெரிய தவறு 16 டிகிரியில் வைப்பது அல்ல, தேவைக்கு மேல் பெரியதாக வாங்குவது. 100 சதுர அடிப் படுக்கையறைக்கு 2 டன் மாட்டினால் காற்று சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்சி வெளியேற்ற அதற்கு நேரமே கிடைக்காது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே ஃபேன் ஓடுவதால் காயிலில் தங்கிய நீர் மீண்டும் அறைக்கே வரும். குளிர்ந்தும் பிசுபிசுக்கும் அறை அப்படித்தான் உண்டாகிறது. அந்த அளவு அறைக்கு 1 டன் போதும். மேல்மாடி, மேற்குச் சுவர் என்றால் 1.5 டன். மழை மேகத்தோடு புழுங்கும் நாளில் ‘டிரை’ மோடைப் பயன்படுத்துங்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடுள்ள ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் விற்கப்படுகின்றன. ஈரம் வெளியேறிய அறையில் 26-உம் மெல்லச் சுற்றும் ஃபேனும் போதும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஏசி அறையில் தோல் வறளும் என்று கிண்ணத்தில் நீர் வைப்பது இங்கே தேவையில்லை.

குடிப்பதும் உடுத்துவதும்

தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்றிருப்பது தெரிந்த தவறு. வியர்த்துக் கொட்டும் வேலையில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறுதான், உப்பு குறையும். நீர்மோர், உப்புப் போட்ட கஞ்சி, எலுமிச்சைச் சாறு நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வை உப்பை அது ஈடுகட்டாது, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பாதி பாதியாக டம்ளரில் கலக்காதீர்கள்: ஒரு லிட்டர் பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர் நீர். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

பெயிண்ட் அடித்த அழகுப் பானை தண்ணீரைக் குளிர்விக்காது, நுண்துளைகள் அடைபட்டிருக்கும். பூச்சில்லாத மண்பானையைக் காற்றோட்டமான இடத்தில் ஈர மணல்மேல் வையுங்கள்.

பருத்தி நல்லது என்று கனத்த பருத்தியும் ஜீன்ஸும் போட்டால் நனைந்து ஒட்டிக்கொண்டு உலராது. மெல்லிய, தொளதொளப்பான பருத்திதான் வேண்டும். வேர்க்குருமேல் பவுடரை அப்புவதும் எண்ணெய் தடவுவதும் வியர்வைத் துளைகளை மேலும் அடைக்கும். குளிர்ந்த நீரில் குளித்து, ஒற்றித் துடைத்து, காற்றுப்பட விடுங்கள்.

மயங்கி விழுந்தவரிடம் செய்யும் தவறுகள்

‘வியர்க்கிறதே, அதனால் வெப்பத் தாக்கு இல்லை’ என்று எண்ணுவது ஆபத்து. வெயிலில் உடலுழைப்பு செய்பவருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பத் தாக்கு வரலாம். உடல் கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால் அதுதான் அறிகுறி. பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. தொற்றுக் காய்ச்சலைக் குறைக்கும் மருந்து அது. நினைவில்லாதவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கூட்டம் சூழ்ந்து நின்று காற்றை மறிக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், நிழலுக்குத் தூக்கிச் சென்று துணிகளைத் தளர்த்தி, கிடைக்கும் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.