ஓயசிஸா, ப்ளரா: பிரிட்பாப் ரசிகர்கள் வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990களில் பிரிட்டனில் எழுந்த கிட்டார் இசை அலையான பிரிட்பாப்பின் இரண்டு பெரிய குழுக்களில் எது சிறந்தது, ஓயசிஸா, ப்ளரா என்ற கேள்விக்கு முப்பது வயதாகிவிட்டது. 2023இல் ப்ளர் லண்டன் வெம்ப்ளி அரங்கில் இரண்டு இரவுகள் பாடியபோது அது மீண்டும் கிளம்பியது. 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் ஓயசிஸ் மறுபடி மேடையேறியபோது இன்னும் சூடாகக் கிளம்பியது. இந்த வாதம் எனக்குப் பிடிக்கும். ஒரு பாட்டுக்காக இரண்டு பேர் தொண்டை வறளப் பேசுகிறார்கள் என்றால், அந்தப் பாட்டு அவர்களுக்குள் எங்கோ வேர்விட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் பேச்சு பாட்டை விட்டு விலகி விற்பனைக் கணக்கு, பிறந்த ஊர், பேட்டிகளில் யார் யாரைத் திட்டினார்கள் என்று போய்விடும்போது மனம் கசக்கிறது. நான் ப்ளர் பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

ஒரு வாரத்துக் கணக்கைத் தீர்ப்பாக்குவது

1995 ஆகஸ்ட் 14 அன்று ப்ளரின் 'கன்ட்ரி ஹவுஸ்', ஓயசிஸின் 'ரோல் வித் இட்' இரண்டும் ஒரே நாளில் கடைகளுக்கு வந்தன. என்.எம்.இ. இசை வார இதழ் குத்துச்சண்டைச் சுவரொட்டி போல அட்டைப்படம் போட்டது. தொலைக்காட்சிச் செய்திகள்வரை விஷயம் போனது. வார இறுதியில் ப்ளருக்குச் சுமார் 2,74,000 பிரதிகள், ஓயசிஸுக்குச் சுமார் 2,16,000. முதலிடம் ப்ளருக்கு.

எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த எண்ணை இன்றும் தூக்கிக் காட்டுகிறார்கள். அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 'கன்ட்ரி ஹவுஸ்' இரண்டு தனித்தனி சிடிகளாக வெளியானது. உடன் வரும் பாடல்கள் ஒவ்வொன்றிலும் வேறு. தீவிர ரசிகர் இரண்டையும் வாங்குவார், பட்டியலில் அது இரண்டு விற்பனையாகும். ஓயசிஸ் ரசிகர்கள் பதிலுக்கு ஆல்பக் கணக்கை எடுப்பார்கள். அந்த அக்டோபரில் வந்த 'மார்னிங் குளோரி' பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,47,000 விற்றது, பிறகு உலகெங்கும் இரண்டு கோடியைத் தாண்டியது. ப்ளரின் 'தி கிரேட் எஸ்கேப்' அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 1996 ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் நெப்வொர்த்தில் ஓயசிஸைப் பார்க்கக் கூடியவர்கள் இரண்டரை லட்சம் பேர்.

இரண்டு தரப்பு எண்களும் உண்மைதான். ஆனால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதற்கு மேல் அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. அதே 1995இல் பல்ப் குழுவின் 'காமன் பீப்பிள்' முதலிடத்துக்குப் போகாமல் இரண்டாம் இடத்தில் நின்றது. மேலே இருந்தது, ராப்சன், ஜெரோம் என்ற இரண்டு தொலைக்காட்சி நடிகர்கள் திரும்பப் பாடிய ஒரு பழைய காதல் பாட்டு. அதற்காக இன்று யாரும் வாதாடுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஆகஸ்ட் சண்டையில் மோதிய இரண்டு பாடல்களுமே அந்தந்தக் குழுவின் தரத்துக்குக் கீழே உள்ளவை. அவற்றை வைத்து இரு குழுக்களையும் எடைபோடுவது, நல்ல சமையல்காரர்கள் இருவரைக் காய்ச்சல் நாளில் வைத்த ரசத்தைக் கொண்டு ஒப்பிடுவது போன்றது.

ஊரையும் வர்க்கத்தையும் பாட்டுக்குப் பதிலாக வைப்பது

"மான்செஸ்டரின் உழைக்கும் வர்க்கம் ஒருபுறம், லண்டனின் வசதியான பையன்கள் மறுபுறம்" என்று கோடு போட்டன அன்றைய பத்திரிகைகள். ஓயசிஸின் நோயல், லியம் கேலகர் சகோதரர்கள் அயர்லாந்திலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில் கஷ்டத்தில் வளர்ந்தவர்கள் என்பது உண்மை. ப்ளரின் பாடகர் டேமன் ஆல்பர்ன் கலைக் குடும்பத்துப் பிள்ளை என்பதும் உண்மை. ஆனால் அதே குழுவின் கிட்டார் கலைஞர் கிரகாம் காக்ஸன் மேற்கு ஜெர்மனியில் பிறந்தவர், ராணுவ இசைக்குழுவில் வாசித்தவரின் மகன். இருவரும் சந்தித்தது கோல்செஸ்டர் என்ற படைமுகாம் ஊரின் பள்ளியில். கோடு அவ்வளவு நேராக இல்லை.

வர்க்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் பேச்சு பல்ப்பிடம் போயாக வேண்டும். ஜார்விஸ் காக்கர் 1978இல் ஷெஃபீல்டில் அந்தக் குழுவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 'காமன் பீப்பிள்' வெளிவரப் பதினேழு ஆண்டுகள் ஆயின. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் அவர் சந்தித்த ஒரு மாணவி, எளிய மக்களைப் போல வாழ்ந்து பார்க்க ஆசைப்படுகிறேன் என்று சொன்னதில் பிறந்த பாட்டு அது. கதை சொல்பவன் அவளைப் பல்பொருள் அங்காடிக்கு அழைத்துப்போய், கையில் காசே இல்லாதவள் போல நடி என்கிறான். அவள் சிரிக்கிறாள். சிரிக்க முடிகிறது, ஏனென்றால் அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தப் பாட்டில் ரசிகர்கள் செய்யும் குறிப்பான தவறு ஒன்று இருக்கிறது. வானொலிக்காக வெட்டிய சுருக்கமான வடிவத்தை மட்டும் கேட்டுவிட்டு, "துள்ளலான நையாண்டிப் பாட்டு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெட்டுப்பட்டது எந்தப் பகுதி என்று பாருங்கள். மூலையில் படுத்திருக்கும் நாய் எச்சரிக்கையே இல்லாமல் கடித்துக் குதறும் என்று காக்கர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சரணம்தான். மெல்லத் தொடங்கும் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடிக்கொண்டே வரும். அந்தச் சரணத்துக்குப் பிறகு வரும் வேகத்தில் கோபம் வெளிப்படையாகத் தெரியும். அது இல்லாமல் கேட்டால் வேகம் வெறும் கொண்டாட்டமாகத்தான் தெரியும். ஆல்பத்தில் உள்ள, ஆறு நிமிடத்தைத் தொடும் முழு வடிவத்தைக் கேட்காமல் பல்ப்பைப் பற்றிப் பேசாதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

வரிகளை ஒரே தராசில் நிறுப்பது

ஓயசிஸின் வரிகளுக்கு அர்த்தமே இல்லை என்பது ப்ளர் ரசிகர்களின் பழைய ஆயுதம். நானும் நீண்ட நாள் அப்படித்தான் பேசினேன். 2017 மே மாதம் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து செயின்ட் ஆன் சதுக்கத்தில் ஒரு நிமிட மௌன அஞ்சலி. மௌனம் முடிந்து யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாத அந்தக் கணத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் தனியாக 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாடத் தொடங்கினார். ஒவ்வொருவராகச் சேர்ந்து சதுக்கமே பாடியது. பாட்டில் வரும் சாலி யார், அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதற்கு அந்தப் பாட்டுக்குள் விடை இல்லை. விடை இல்லாததால்தான் அந்த நகரம் தன் துக்கத்தை அதற்குள் வைக்க முடிந்தது. நோயல் கேலகரின் பாட்டு பலர் கூடி வாய்விட்டுப் பாடுவதற்குச் செய்தது. அதைத் தாளில் எழுதி வைத்துப் பொருள் தேடினால் கிடைக்காது.

மறுபக்கம், ப்ளருக்கு இதயமில்லை, மனிதர்களைப் பொம்மையாக வைத்துக் கேலி செய்யும் குழு அது என்பார்கள். 1995ஆம் ஆண்டுப் பாடல்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் சொல்பவர்களை 'பார்க்லைஃப்' ஆல்பத்தின் கடைசிப் பகுதிக்கு அழைத்துப்போக வேண்டும். 'திஸ் இஸ் எ லோ' பாட்டுக்கு இசை தயாராகிவிட்டது, வரிகள் வரவில்லை. கிறிஸ்துமஸ் பரிசாக பேஸ் கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் ஜேம்ஸ், ஆல்பர்னுக்கு ஒரு கைக்குட்டை கொடுத்தார். பிபிசி வானொலி கப்பல்களுக்கு வாசிக்கும் வானிலை அறிக்கையின் கடற்பகுதிகள் வரைபடமாக அதில் அச்சிடப்பட்டிருந்தன. ஆல்பர்ன் அந்தப் பெயர்களின் வழியே பிரிட்டனைச் சுற்றி வந்தார். காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று நம் வானிலைச் செய்தியில் கேட்கிறோமே, அந்தத் தாழ்வும் மனம் தாழ்ந்துபோகும் நிலையும் தலைப்பின் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நடுவில் காக்ஸனின் கிட்டார், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்த தனி வாசிப்புகள், அலை அலையாக ஏறி வருகிறது. இதயமில்லாதவர்கள் செய்த பாட்டு என்று இதைக் கேட்டபின் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

கேட்காமல் ஒப்பிடுவதும் தவறாகக் கேட்பதும்

தனித்தனியாக வெளியான சிங்கிள் பாடல்களின் தொகுப்பை மட்டும் கேட்டுவிட்டு வாதத்துக்கு வருவது மிகப் பெரிய குறை. அந்தக் காலத்தில் ஓயசிஸ் தன் சிறந்த பாடல்கள் பலவற்றை சிங்கிள்களின் பி பக்கத்தில், அதாவது முதன்மைப் பாட்டோடு இணைப்பாக வரும் இடத்தில், தாராளமாக இறைத்தது. லியம் சரணத்தையும் நோயல் பல்லவியையும் பாடும் 'அக்வியெஸ்', 'சம் மைட் சே' சிங்கிளின் பின்னால் ஒளிந்திருந்தது. 'தி மாஸ்டர்பிளான்' வந்தது 'வொண்டர்வால்' கூட. அண்ணன் தம்பி இருவர் குரலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் 'அக்வியெஸ்' பாட்டைக் கேட்காமல் அந்தக் குழு ஏன் இத்தனை பேரைக் கட்டிப்போட்டது என்பது விளங்காது. ஸ்வேட் என்ற குழுவும் அப்படித்தான். 1997இல் வந்த அவர்களுடைய பி பக்கத் தொகுப்பு, பல குழுக்களின் முதன்மை ஆல்பங்களைவிட மேலானது.

ஒலியளவையும் கவனியுங்கள். 'மார்னிங் குளோரி' மிக உரத்த ஒலியில் அழுத்திப் பதிக்கப்பட்ட ஆல்பம். அதன் சிடியையும் 'பார்க்லைஃப்' சிடியையும் ஒலியளவுக் குமிழைத் தொடாமல் அடுத்தடுத்துப் போட்டால் ஓயசிஸ் ஓங்கியும் ப்ளர் ஒடுங்கியும் தெரியும். உரத்ததைச் சிறந்தது என்று எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. ஓயசிஸுக்குக் குமிழைச் சற்றுக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எல்லாக் குழுவையும் 1995இலேயே உறைய வைக்கவும் வேண்டாம். ஸ்வேடின் முதல் ஆல்பம் 1993இலேயே, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு வாங்கிவிட்டது. ப்ளர் 1997இல் அமெரிக்க இண்டி இசைப் பக்கம் திரும்பி வேறொரு குழுவானது. பழைய வசவுகளையும் விட்டுவிடலாம். 2013இல் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையில் நோயல், ஆல்பர்ன், காக்ஸன் மூவரும் சேர்ந்து ப்ளரின் 'டெண்டர்' பாடினார்கள். சண்டை போட்டவர்களே முடித்துக்கொண்டார்கள்.

நான்கு ஆண் குழுக்களோடு கதையை முடிப்பது

ஓயசிஸ், ப்ளர், பல்ப், ஸ்வேட் என்று நான்கு பெயரைச் சொல்லி 'பெரிய நால்வர்' பட்டியலை மூடிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பெண்கள் முன்னின்ற எலாஸ்டிகா குழுவின் முதல் ஆல்பம் 1995 மார்ச்சில் வந்தது. ஓயசிஸின் முதல் ஆல்பத்துக்குப் பிறகு அவ்வளவு வேகமாக விற்ற அறிமுக ஆல்பம் பிரிட்டனில் அதுதான். ஆனாலும் அதன் பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மனைப் பற்றிப் பேச்சு வந்தால், முன்பு ஸ்வேடின் பாடகர் பிரெட் ஆண்டர்சனின் காதலி, பிறகு ஆல்பர்னின் காதலி என்றுதான் முதலில் சொல்வார்கள். ஆண்டர்சனோடு சேர்ந்து ஸ்வேடைத் தொடங்கியவரே அவர் என்பது அடிக்குறிப்பாகப் போய்விடும்.

அடுத்து, எலாஸ்டிகா 'வயர்' குழுவின் மெட்டைத் திருடியது என்பார்கள். 'கனெக்‌ஷன்' பாட்டின் கிட்டார் அங்கிருந்து வந்ததுதான், பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஓயசிஸும் 'ஷேக்கர்மேக்கர்' பாட்டுக்காக, குளிர்பான விளம்பரத்தால் புகழ்பெற்ற ஒரு பழைய மெட்டின் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தது. 'வாட்எவர்' பாட்டில் வேறொரு பாடலாசிரியரான நீல் இன்னஸ் பெயரையும் எழுதியவராகச் சேர்க்க நேர்ந்தது. ஆண்கள் எடுத்தால் மரியாதை, பெண்கள் எடுத்தால் திருட்டு என்று ஆகிவிடக் கூடாது. திருட்டு என்ற சொல்லை எடுப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எடுக்கட்டும்.

பிரிட்பாப் என்றால் வெள்ளைக்காரப் பையன்களின் கொடியாட்டம் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 1993 ஏப்ரலில் செலக்ட் இசை இதழ் ஆண்டர்சன் படத்தின் பின்னால் பிரிட்டன் கொடியை வைத்தபோது அவருக்கே அது பிடிக்கவில்லை. எக்கோபெல்லியில் பாடிய சோனியா மதன் டெல்லியில் பிறந்தவர். கார்னர்ஷாப் குழுவின் தஜிந்தர் சிங் ஆஷா போன்ஸ்லேயைப் போற்றி எழுதிய 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா', 1998 பிப்ரவரியில் மறுகலவை (ரீமிக்ஸ்) வடிவில் பிரிட்டன் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது.

தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எலாஸ்டிகாவின் இரண்டாம் ஆல்பமான 'தி மெனஸ்' 2000இல் வந்தபோது அதன் அட்டையை வடிவமைத்தவர், லண்டனில் கலை படித்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம். குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கவும் அவர் உடன் போனார். அந்தப் பயணத்தில் உடன் பாடிய பீச்சஸ் என்ற கலைஞர் மூலம் ரோலண்ட் 505 என்ற தாளக் கருவி அவருக்கு அறிமுகமானது. அதை வைத்துப் பாட்டுக் கட்டத் தொடங்கிய மாயாவை இன்று உலகம் எம்.ஐ.ஏ. என்று அறியும். 2003இல் வந்த அவருடைய முதல் சிங்கிள் 'கலாங்'. அதை எழுதியவர்கள் என்று அச்சிட்டிருக்கும் பெயர்களில் மாயாவோடு ஜஸ்டின் ஃப்ரிஷ்மனும் இருக்கிறார், பல்ப்பில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டீவ் மக்கியும் இருக்கிறார்.