நடக்கும் உருவத்தின் கால் படபடக்காமல் இருக்க

சி மொழியில் ரேலிப் (raylib, விளையாட்டு எழுத உதவும் நிரல் நூலகம்) கொண்டு எழுதும் விளையாட்டு பொதுவாக நொடிக்கு 60 முறை திரையை வரையும். ஒவ்வொரு முறையும் படத்தை மாற்றினால், 4 படம் கொண்ட நடை நொடிக்கு 15 தடவை சுழன்று கால்கள் படபடக்கும்.

கடந்த நேரத்தை ஒரு ஃப்ளோட் (தசம எண்) மாறியில் கூட்டி வாருங்கள். 0.125 நொடி ஆனதும் அந்த 0.125-ஐக் கழியுங்கள், பூச்சியமாக்கினால் மிச்ச நேரம் தொலைந்து நடை மந்தமாகும். பிறகு படஎண்ணில் (இப்போது காட்டும் படத்தின் எண், 0 முதல் 3 வரை) 1 கூட்டி, 4-ஆல் வகுத்த மீதியை வையுங்கள்.

0.125-க்குப் பதில் 1/8 என எழுதவே வேண்டாம். சி அதை முழுஎண்ணாக வகுத்து 0 ஆக்கிவிடும், பழைய படபடப்பு திரும்பும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

4 படமும் ஒரே கோப்பில் பக்கம் பக்கமாக இருந்தால், அதிலிருந்து ஒரு படத்தை வெட்டும் செவ்வகம் படஎண் × 32-இல் தொடங்கட்டும் (ஒரு படத்தின் அகலம் 32 பிக்சல் என்றால்). உருவம் இடப்பக்கம் திரும்ப, செவ்வகத்தின் அகலத்தை -32 ஆக்கினால் போதும். விசையை விட்டதும் நிற்கும் படத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கும்.